ஈரம் போகும் வழி

1877இல் கியூ தாவரப் பூங்காவிலிருந்து சிங்கப்பூர் வந்த 22 ரப்பர் கன்றுகளில் ஒன்பது கோலகங்சாருக்குப் போயின. ரெசிடண்ட் ஹியூ லோ காலத்தில் நட்ட அவற்றில் ஒன்று இன்றும் நிற்கிறது. தோட்ட வரலாறு எழுதும்போது அந்த மரத்தில் தொடங்கி பால்வெட்டு, கங்காணி, லயம் என்று போகிறோம். புகைவீட்டைப் பற்றி நான் வாசித்தது இரண்டு வரிக்கு மேல் இருக்காது. என் அப்பா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் புகைவீட்டு வேலை செய்தவர்.

பாலை பார்மிக் அமிலம் விட்டு உறையவைத்து, உருளையில் கொடுத்து, வரி விழுந்த ஷீட்டுகளாகக் கழிகளில் தொங்கவிடுவார்கள். கீழே விறகு புகையும். 40 முதல் 60 டிகிரி வரை சூடு, நான்கைந்து நாள். சூடு போதாவிட்டால் உள்ளே வெள்ளைத் திட்டு நிற்கும். மீறினால் கொப்புளம் விடும். எப்படிப் போனாலும் தரம் இறங்கும். காய்ந்த ஷீட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துத்தான் பார்ப்பார்கள். அப்பா விறகைத் தொடுவதற்கு முன்னால் கூரையில் இருக்கும் காற்றுத் திறப்பைத்தான் பார்ப்பாராம்.

ரப்பர் போய் செம்பனை வந்தது. நாங்கள் ஈப்போவுக்கு வந்தோம். நான் சுயசேவை டோபிக் கடைகளின் டிரையர்களைப் பழுது பார்க்கிறேன்.

சென்ற ஆண்டு புந்தோங்கில் ஓர் அக்காவின் கடை. கேஸ் டிரையர், சுற்ற ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் சூடு இல்லை என்று பிழை எண் காட்டி நின்றுவிடும். ஆறிய பிறகு சோதித்தேன். வெப்ப உணரி 25 டிகிரியில் 10 கிலோ ஓம், சரி. பர்னர் சரி. மிச்சம் இருப்பது கட்டுப்பாட்டு போர்டுதான் என்று முடிவு கட்டி மாற்றினேன். ஆயிரம் ரிங்கிட்டுக்கு மேல் ஆனது. மூன்றாம் நாள் அதே எண்.

மறுபடி போனபோது அப்பாவும் வண்டியில் இருந்தார். கடைக்குப் பின்னால் போய், வெளியேற்றும் குழாய் வாயில் கையை வைத்தார்.

"காத்தே வரலியேடா. ஈரம் எந்த வழியா போவும்?"

குழாய் வளைவைக் கழற்றினேன். பஞ்சு மெத்தையாக அடைத்திருந்தது. காற்று ஓடாததால் சூடு உள்ளேயே தேங்கி, பாதுகாப்புத் தெர்மோஸ்டாட் பர்னரை அணைத்திருக்கிறது. தீ அணைந்ததைத்தான் போர்டு சொன்னது. ஆறியதும் தெர்மோஸ்டாட் தானே சேர்ந்துகொள்ளும். அதனால்தான் என் மீட்டரில் எல்லாமே சரியாக இருந்தது. ஓடும்போது அளந்திருக்க வேண்டும்.

பழைய போர்டையே மாட்டினேன். ஓடியது. அக்காவின் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். "தம்பி, பரவால்ல, பாதி போதும்" என்றார். முழுதாகக் கொடுத்துவிட்டேன்.

அன்று இரவுதான், எத்தனை வருஷம் அந்த வேலை என்று அப்பாவை முதல்முறையாகக் கேட்டேன். "பத்தொம்பது" என்றார். எழுதி வைத்துக்கொண்டேன்.