நகர்மன்றம் இல்லாத ஆண்டுகள்: விழுப்புரம், திண்டிவனம் தேர்தல் முடிவுகளை முன்வைத்து

2022 பிப்ரவரி 22 அன்று வாக்குகள் எண்ணப்பட்டபோது, விழுப்புரத்தின் 42 வார்டுகளிலும் திண்டிவனத்தின் 33 வார்டுகளிலும் திமுக அணியின் கையே ஓங்கியிருந்தது. மார்ச் 4இல் நடந்த மறைமுகத் தேர்தலில் விழுப்புரத்துக்குத் தமிழ்ச்செல்வி பிரபுவும் திண்டிவனத்துக்கு நிர்மலா ரவிச்சந்திரனும் நகர்மன்றத் தலைவர்களானார்கள். இருவரும் திமுகவினர். முன்னாள் அமைச்சர் சி.வி. சண்முகத்தின் ஊரில் அதிமுக பின்தங்கியது என்பது இம்முடிவைப் பற்றி எளிதில் சொல்லக்கூடிய செய்தி. அது உண்மைதான், ஆனால் போதாது. இந்தத் தேர்தலுக்கு முன் தேர்தலே நடக்காமல் கழிந்த ஆண்டுகளைக் கணக்கில் கொள்ளாமல் இம்முடிவை மதிப்பிட முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2011இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களின் காலம் 2016 அக்டோபர் 24இல் முடிந்தது. பழங்குடியினருக்கான இடஒதுக்கீடு முறையாகச் செய்யப்படவில்லை என்று திமுக தொடுத்த வழக்கில், அதே மாதம் 4ஆம் தேதி சென்னை உயர்நீதிமன்றம் தேர்தல் அறிவிக்கையை ரத்து செய்திருந்தது. பிறகு வார்டு மறுவரையறை காரணமாகச் சொல்லப்பட்டது. புதிய உறுப்பினர்கள் 2022 மார்ச் 2இல் பதவியேற்கும் வரை தனி அலுவலர்களே நிர்வாகம் செய்தார்கள். ஐந்து ஆண்டு நான்கு மாதம்: ஒரு மன்றத்தின் முழு ஆயுளைவிட நீண்ட இடைவெளி இது. மன்றத்தின் காலம் முடிவதற்குள் தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 243-யு பிரிவு சொல்வதை, 2006இல் கிஷன் சிங் தோமர் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியிருந்தும் இது நடந்தது. சுற்றியிருந்த கிராமங்களுக்கும் இதே கதிதான். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதால், 2019 டிசம்பரில் நடந்த ஊரகத் தேர்தலிலிருந்து விழுப்புரம் விலக்கப்பட்டு, 2021 அக்டோபர் வரை காத்திருக்க நேர்ந்தது.

இந்த இழப்பின் அளவை இம்மண்ணின் வரலாறே காட்டுகிறது. 1949இல், இவ்விரு ஊர்களையும் உள்ளடக்கியிருந்த தென்னார்க்காடு ஜில்லா போர்டுக்குத் தேர்தல் வந்தது. காங்கிரஸ் தங்களுக்கு உரிய இடம் தரவில்லை என்ற மனக்குறையோடு வன்னியர் சங்கத்தினர் களமிறங்கி, 52 இடங்களில் 22ஐப் பிடித்தார்கள். அந்த வெற்றி தந்த துணிவில்தான் எஸ்.எஸ். ராமசாமி படையாட்சியாரின் உழைப்பாளர் கட்சி உருவானது. 1952 சட்டமன்றத் தேர்தலில் அது 19 இடங்களையும், மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சி 6 இடங்களையும் வென்றன. பெரும்பான்மை இல்லாமல் தவித்த ராஜாஜி மாணிக்கவேலுவை அமைச்சராக்கினார். 1954இல் காமராசர் படையாட்சியாரையும் சேர்த்துக்கொண்டார். ஜில்லா போர்டில் எழுந்த ஒரு கோரிக்கை ஐந்தே ஆண்டுகளில் அமைச்சரவைக்குள் நுழைந்துவிட்டது. பெரிய கட்சிகள் வாய்ப்புத் தராதவர்கள் தம் பலத்தை எண்ணிக் காட்ட உள்ளாட்சியைவிட அருகிலுள்ள களம் வேறில்லை. அந்தக் களம் ஐந்தாண்டுக்கு மேல் மூடியிருந்ததால் எந்தச் சமூகத்தின், எந்தத் தெருவின் குரல் எழாமல் போனது என்பதை 2022இன் வாக்கு எண்ணிக்கை சொல்லாது.

களம் மூடியிருந்தபோதே ஆட்ட விதியும் மாறியது. 1996, 2001, 2011 தேர்தல்களில் நகராட்சித் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2019 நவம்பரில் ஓர் அவசரச் சட்டம் அந்த உரிமையைக் கவுன்சிலர்களுக்கு மாற்றியது. தலைவர் ஒரு கட்சி, மன்றப் பெரும்பான்மை வேறு கட்சி என்றால் தீர்மானங்கள் முடங்கும் என்ற நியாயம் இதற்குச் சொல்லப்படுகிறது, அதில் பொருளுண்டு. ஆனால் நகரங்களில் மன்றமே இல்லாத நேரத்தில், வாக்காளரைக் கேட்காமல் இந்த மாற்றம் வந்ததை ஏற்க முடியவில்லை. மார்ச் 4 அன்று மாநிலத்தின் பல ஊர்களில் கூட்டணிக் கட்சிகளுக்கு ஒதுக்கிய தலைவர் பதவிகளைத் திமுகவினரே போட்டியிட்டுப் பிடித்ததும், அவர்களைப் பதவி விலகும்படி மு.க. ஸ்டாலின் சொல்ல நேர்ந்ததும் அந்த மூடிய அறைத் தேர்வின் விளைவுகள்.

பெண்களுக்கு 50 விழுக்காடு இடம் என்ற 2016ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் இந்த நகரங்களில் நடைமுறைக்கு வந்ததும் 2022இல்தான். இடைவெளியின் விலையை அதிகம் கொடுத்தவர்கள் பெண்கள் என்றே கருதுகிறேன். ஆணையரின் அலுவலகம் எப்போதும் இருக்கிறது. ஆனால் சாக்கடை அடைப்புக்கும் குடிநீர் வராத நாளுக்கும் கதவைத் தட்டிக் கேட்க அதே தெருவில் ஒருவர் வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் 24 மணி நேரத்தில் 51 செ.மீ. மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் பொறுப்புக் கேட்க ஓர் உறுப்பினர் இருப்பதும் இல்லாதிருப்பதும் ஒன்றாகாது.

27 மாவட்டங்களில் 2019இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரக அமைப்புகளின் காலம் 2025 ஜனவரியில் முடிந்ததும் அங்கே மீண்டும் தனி அலுவலர்களே அமர்த்தப்பட்டார்கள். விழுப்புரம், திண்டிவனம் நகர்மன்றங்களின் காலம் 2027 மார்ச் தொடக்கத்தில் முடிகிறது. மறுவரையறையும் இடஒதுக்கீட்டுப் பட்டியலும் வழக்குக்கு இடம் தராதபடி அதற்கு முன்பே முடிக்கப்பட வேண்டும். மாநிலத் தேர்தல் ஆணையம் அந்தப் பணியைக் கடைசி மாதங்களுக்குத் தள்ளிவைக்கக் கூடாது.