அஞ்சடியும் வாடகையும்

1947-இல் சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் கோமள விலாஸ் சைவ உணவகம் தொடங்கியது. அதே ஆண்டு காலனி அரசு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. உணவகம் இன்னும் நடக்கிறது. சட்டம் 2001-இல் ரத்தானது. இடைப்பட்ட அரை நூற்றாண்டில் அந்தத் தெருவின் பழங்கட்டடங்களுடைய தலையெழுத்தை எழுதியது அந்தச் சட்டம்தான் என்றால் பெரிய மிகையில்லை.

கீழே வியாபாரம், மேலே குடித்தனம்: இதுதான் கடைவீடு. முகப்பு குறுகல், உட்புறம் நீளம். பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர். நடுவில் காற்றும் வெளிச்சமும் இறங்கத் திறந்தவெளி. மரச்சட்டங்கள் மேல் பலகைத் தளம், சுட்ட களிமண் ஓடு, சுண்ணாம்புக் காரை. முன்னால், மலாயாத் தமிழர் அஞ்சடி என்று வழங்கும், மேலே கூரையுள்ள நடைவழி. தெருவின் இருபுறமும் இது இடைவிடாமல் ஓட வேண்டும் என்பது 1822-இல் ஆங்கிலேய நிர்வாகி ராஃபிள்ஸ் நகர்க் குழுவுக்கு இட்ட கட்டளை. அஞ்சடியின் நிலம் சொந்தக்காரருடையது. அதில் நடக்கும் உரிமை ஊராருடையது. வெயிலிலும் மழையிலும் வாங்க வருபவரைக் கடைவாசலிலேயே நிறுத்திவைக்க இதைவிடச் சிக்கனமான ஏற்பாட்டை எந்தப் பேரங்காடியும் கண்டுபிடிக்கவில்லை.

போருக்குப் பிந்தைய வீட்டுப் பஞ்சத்தில் குடியிருப்போரைக் காக்கவே வாடகைச் சட்டம் வந்தது. பழைய கட்டடங்களின் வாடகை போருக்கு முந்தைய அளவிலேயே உறைந்தது. பூக்கடைக்காரரும் மளிகைக்காரரும் பிழைத்தார்கள். ஆனால் நழுவிய ஓட்டை மாற்றும் செலவுக்குக்கூட வாடகை கட்டுப்படியாகாது என்றால் எந்த உரிமையாளர் ஏணி ஏறுவார்? ஒழுகிய நீரில் மரச்சட்டங்கள் உளுத்தன. மேல்தளம் தடுப்புத் தடுப்பாகப் பிரிந்து நெரிசலானது. 1966-இன் நில எடுப்புச் சட்டத்துக்குப் பின் அரசின் பார்வையில் இவை இடிக்க வேண்டிய சேரிகள். மக்களுக்கு அடுக்குமாடி வீடுகள். அந்தக் காலத்து அவசரத்தைக் குறை சொல்வது எளிது. ஒரே அறையில் ஒரு குடும்பமே படுத்துறங்கியதை மறந்தால்தான் அப்படிச் சொல்ல முடியும்.

மனம் மாறியது 1980-களில். நகர மறுசீரமைப்பு ஆணையம் 1987-இல் தஞ்சோங் பகாரில் 32 கடைவீடுகளை மாதிரிக்காகப் பழுதுபார்த்துக் காட்டியது. 1989 ஜூலையில் சைனாடவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம் உள்ளிட்ட வட்டாரங்கள் அரசிதழில் பாதுகாப்புப் பகுதிகளாயின. இன்று அந்தப் பட்டியலில் 7,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் உள்ளன. முகப்பை மட்டும் தோல்போல் வைத்துக்கொண்டு பின்னால் கோபுரம் எழுப்பும் வித்தை இந்த வரலாற்று வட்டாரங்களில் செல்லாது. பொதுச்சுவர், திறந்தவெளி, மரத்தளம், கூரை எல்லாம் நிற்க வேண்டும். பதிலுக்குச் சில மேம்பாட்டுக் கட்டணங்கள் தள்ளுபடியாயின. முக்கியமாக, வாடகைக் கட்டுப்பாடு படிப்படியாக விலகியது. பழுதுபார்த்தால் பணம் திரும்பும் என்று தெரிந்ததும் தனியார் முதல் தானாக வந்தது.

வந்த முதல் சும்மா வரவில்லை. சிங்கப்பூர் ஆற்றங்கரையின் போட் கீயில் மூட்டை இறங்கிய கிடங்குகள் மதுக்கூடங்களாயின. கட்டடம் ஒவ்வொன்றும் அழகு. பழைய தொழில் ஒன்றும் இல்லை. மலேசியாவின் ஜார்ஜ் டவுனில் 2000-இன் தொடக்கத்தில் வாடகைக் கட்டுப்பாடு நீங்கியபோது குடிகள் கூட்டமாக வெளியேறினார்கள். 2008-இல் யுனெஸ்கோ பட்டம் கிடைத்தபோது நகரின் உட்பகுதியில் ஆள் குறைந்திருந்தது. உறைந்த வாடகை வியாபாரியைக் காத்துக் கட்டடத்தை அரித்தது. விடுபட்ட வாடகை கட்டடத்தைக் காத்து வியாபாரியை விரட்டியது. மரபுடைமை பேசும் மேடைகளில் ஓட்டின் நிறத்துக்குக் கிடைக்கும் நேரம் இந்தக் கணக்குக்குக் கிடைப்பதில்லை.

இவ்வளவுக்கும் நடுவே, சிராங்கூன் சாலையை ஒட்டிய லிட்டில் இந்தியாவான தேக்கா வட்டாரம் ஓரளவு தப்பியது எப்படி? அலங்கார விளக்கு காரணமல்ல. ஈரச்சந்தை 1982-இல் சாலையின் மறுபக்கம் இடம் மாறியதே தவிர ஊரைவிட்டுப் போகவில்லை. மீனும் கறிவேப்பிலையும் வாங்க வருகிறவர் அப்படியே நகைக்கடைக்கும் போவார். ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயிலும், தைப்பூச ஊர்வலம் புறப்படும் ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலும் மாலைக்கும் தேங்காய்க்கும் ஆண்டு முழுவதும் கிராக்கி உண்டாக்குகின்றன. ஞாயிறுதோறும் தமிழகத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்த தொழிலாளர்கள் அங்கே திரள்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது நினைவுப் பொருளல்ல. ஊருக்குப் பணம் அனுப்பவும் சோறு சாப்பிடவும் கைலி வாங்கவும் ஓர் இடம். சுற்றுலாக் கையேட்டின் படங்களில் அவர்கள் அதிகம் தென்படுவதில்லை என்றாலும் தெருவின் கல்லாவை நிரப்புவதில் அவர்கள் பங்கு பெரிது. லிட்டில் இந்தியா ஆர்கேட் என்ற பழைய கடைவீட்டுத் தொகுதி இந்து அறக்கட்டளை வாரியத்தின் கையில் இருக்கிறது. உரிமையாளர் யார் என்பது சுவரின் தடிமனைப் போலவே முக்கியம்.

அதே வட்டாரத்தின் கெர்பாவ் சாலையில் தான் டெங் நியா வீட்டின் வானவில் வண்ணம் முன் நாளெல்லாம் படம் எடுக்கிறார்கள். 1900-இல் ஒரு சீன வணிகர் எழுப்பிய அந்த வீட்டுக்கு அந்தப் பூச்சு மிகப் பிந்தியது. பரவாயில்லை, வண்ணத்தைச் சுரண்டிவிடலாம். வாடகை அப்படியல்ல. வீட்டு மனைகளை வாங்க வெளிநாட்டவருக்கு உள்ள தடை வணிகப் பகுதிக் கடைவீடுகளுக்கு இல்லை. புதிதாகக் கட்டவும் இடிக்கவும் முடியாத இந்தச் சொத்தில் முதலீட்டாளர்களுக்கு ஆசை அதிகம். தரைத்தளத்தில் எந்தத் தொழில் பொருந்தும், பலகணிக் கதவு எப்படி இருக்க வேண்டும் என்றெல்லாம் ஆணையத்தின் விதிகள் சொல்கின்றன. கடையை மாதம் எவ்வளவுக்கு விடலாம் என்பதைச் சந்தையே தீர்மானிக்கிறது.