நுரையும் பளிங்கும்: ஒரு வரலாற்று நோக்கு

நிலையாமைக்கு நீர்க்குமிழியை உவமை கூறுதல் தமிழ்ப் புலவர் மரபு. குமிழிகளின் கூட்டமே நுரை. அது ஏன் அழிகின்றது, எதனால் நிலைபெறும் என்னும் வினாக்களுக்கு விடை தேடிய வரலாறு கலைப்பீட மாணவரும் அறியத்தக்கதாகும்.

பெல்ஜிய அறிஞர் யோசப் பிளாற்றோ, பார்வை இழந்த பின்னரும் பிறர் துணையுடன் சவர்க்காரப் படலங்களை ஆராய்ந்து, 1873 இல் தம் பெருநூலை வெளியிட்டார். நுரையிலே படலங்கள் மும்மூன்றாகவே கூடும் என்பது அவர் கண்ட விதி. அவை கூடுமிடத்து அமையும் கால்வாய்களின் வழியே நீர் வடிகின்றது; சிறு குமிழிகளின் வளி பெருங்குமிழிகளைச் சேர்கின்றது; மெலிந்த படலம் உடைகின்றது. நுரையின் அழிவு இவ்வாறு நிகழ்கின்றது.

சவர்க்காரம் குறித்த ஒரு வெப்பநிலைக்குக் கீழே நன்கு கரையாது பளிங்காகவே எஞ்சும். 1890களில் இதனை ஆராய்ந்த ஜேர்மனியரான கிராஃப்ட்டின் பெயராலேயே அவ்வெப்பநிலை வழங்குகின்றது. கரைந்த மூலக்கூறே குமிழியைத் தாங்கும் எனக் கொண்டோர்க்குப் பளிங்கு வீணாய்ப்போன பொருளாகவே தோன்றியது. ஆயினும், திண்மத் துணிக்கைகள் மேற்பரப்பிற் செறிந்து குமிழியைக் காக்கவல்லன என்பதை றாம்ஸ்டன் 1903 இல் எடுத்துக்காட்டினார். இவ்விரு அறிவுகளும் ஒன்றையொன்று சந்திக்க நெடுங்காலம் சென்றது.

2015 இல் வெளியான ஓர் ஆய்வு இங்கு குறிப்பிடத்தக்கது. சோடியம் லோரைல் சல்பேற்றுக் கரைசலிலே பொற்றாசியம் குளோரைட்டைச் சேர்த்தபோது பொற்றாசிய உப்புப் பளிங்குகளாகப் படிந்தது. அப்பளிங்குகள் குமிழிகளிடையே செறிந்து, நீர் வடிவதைத் தடுத்து, நுரையை நெடுநாள் நிலைபெறச் செய்தன. சூடாக்கியதும் பளிங்குகள் கரைந்தன, நுரையும் குலைந்தது.

இச்செய்தி நமக்கு அந்நியமானதன்று. லோரைல் என்னும் பன்னிரு காபன் தொடர் தேங்காய் எண்ணெயிற் பெறப்படுவது. அவ்வெண்ணெயின் கொழுப்பமிலங்களில் ஏறத்தாழப் பாதி லோரிக் அமிலமே. கண்டியின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 25 பாகை செல்சியசு. அவ்வெப்பநிலையிலே சோடிய உப்பு நீரிற் கரையும். பொற்றாசிய உப்போ 30 பாகைக்கு மேற் சூடாகும்வரை பெரும்பாலும் பளிங்காகவே நிற்கும். ஆகவே, நமது மலைநகரின் இயல்பான வெப்பத்திலேயே இவ்வேறுபாட்டைக் காணலாம்.

கரையாதது பயனற்றது என்னும் கருத்தே இங்கு மாறியது. பொருள்களின் இயல்பு அன்றும் இன்றும் ஒன்றே. அவற்றை நோக்கிய மனிதரின் வினாவே வேறாயிற்று. அறிவியலின் வரலாறு வெற்றிகளின் பட்டியலாக மட்டும் எழுதப்படுமாயின், ஒரு காலத்தவர் கழித்துவிட்டதை மற்றொரு காலத்தவர் எவ்வாறு கண்டெடுத்தனர் என்பது மறைந்துவிடும். அதனை மறையாது காப்பது வரலாற்று மாணவரின் கடன்.