முதலில் கரண்டா, கத்தியா?

கர்ப்பப்பையில் கேன்சர் என்றதும் கூடலூர்ப் பக்கம் வீட்டார் கேட்பது: "ஆபரேஷனா, கரண்டு வைக்கணுமா?" க.விலக்கு அரசு ஆஸ்பத்திரியில் கேட்டாலும் மதுரையில் கேட்டாலும், உட்சுவரில் வரும் புற்றுக்குப் பொதுவாக ஒரே பதில்தான்: முதலில் ஆபரேஷன், தேவைப்பட்டால் பிறகு கரண்டு, அதாவது கதிர் சிகிச்சை. (கர்ப்பப்பை வாயில் வருவது வேறு கதை, அங்கே முற்றிய நோய்க்குக் கதிர்தான் பிரதானம்.) இந்த வரிசை ஒரு காலத்தில் தலைகீழாக இருந்தது.

1878இல் அன்றைய ஜெர்மனியின் பிரெஸ்லாவில் ஃப்ராயிண்ட் என்ற மருத்துவர் வயிற்றைத் திறந்து, புற்று வந்த கர்ப்பப்பையை முழுதாக எடுத்தார். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட ஆபரேஷனில் பிழைப்பதே பெரும்பாடு. 1898இல் கியூரி தம்பதி ரேடியத்தைக் கண்டுபிடித்ததும் மருத்துவர்களின் பார்வை அந்தப் பக்கம் திரும்பியது.

ஸ்டாக்ஹோமில் ஜேம்ஸ் ஹைமன் செய்தது சுவாரசியமான வேலை. கர்ப்பப்பையின் உட்குழி மேடுபள்ளமானது; ஒற்றைக் குழாயில் ரேடியம் வைத்தால் மூலைகளுக்குக் கதிர் சரியாகப் போகாது. அதனால் சின்னச் சின்னக் குப்பிகளாக, போடிக்காரர்கள் தலையணைக்கு இலவம்பஞ்சு அடைப்பதுபோல, இண்டு இடுக்கு விடாமல் திணித்தார். ஒவ்வொரு குப்பியிலும் ஒரு இழை, அதில் ஒரு எண். கடைசியாகப் போனதை முதலில் உருவ வேண்டும். வரிசை மாறினால் சிக்கிக்கொள்ளும். திணித்தவர் கைக்கும் கதிர் பட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இதைப் பார்த்துப் பல ஊர்களில் முதலில் ரேடியம், சில வாரம் கழித்துக் கத்தி என்பது வழக்கமானது. அதில் ஒரு குறை. கட்டியைக் கதிர் பொசுக்கிவிட்டால், அது தசைக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருந்தது என்று பிறகு எப்படித் தெரியும்? எடுத்த கர்ப்பப்பையை வெட்டிப் பார்த்துத்தான் நோயின் கட்டத்தைச் சொல்ல வேண்டும் என்று 1988இல் உலக மகப்பேறு மருத்துவக் கூட்டமைப்பு முடிவு செய்தது. கத்தி முன்னுக்கு வந்தது.

அப்புறம் கரண்டு யாருக்கு? நெதர்லாந்தில் முதல் கட்ட நோயாளிகள் 714 பேரை வைத்து நடந்த ஆய்வு 2000இல் வெளிவந்தது. ஆபரேஷனுக்குப்பின் வெளிக்கதிர் கொடுத்தால், இடுப்புப் பகுதியில் நோய் திரும்புவது 14 சதவீதத்திலிருந்து 4 ஆகக் குறைந்தது. ஆயுள் மட்டும் கூடவில்லை. 2010இல் வந்த அடுத்த ஆய்வு, நடுத்தரத்துக்குச் சற்று மேலான ஆபத்து உள்ளவர்களுக்கு உள்கதிர் மட்டுமே போதும், வயிற்றுப்போக்குத் தொல்லையும் குறைவு என்றது. என் கணக்கில், கரண்டு யாருக்கு வேண்டாம் என்று சொல்லக் கற்றதுதான் இதில் பெரிய கண்டுபிடிப்பு.

இன்றைய உள்கதிருக்கு ரேடியம் இல்லை, பெரும்பாலும் இரிடியம். யாரும் கையால் தொடுவதில்லை, கருவியே அனுப்பி, கருவியே இழுத்துக்கொள்ளும். ஒரு தடவைக்குச் சில நிமிடம்தான்.