அரை நாள் பள்ளியும் பெற்றோர் கேள்வியும்

தொடக்கப் பள்ளி பிள்ளைகளுக்கு இடும் பணியில் அரசியல் சார்பு இருத்தல் தகுமா எனப் பெற்றோர் வினவுவது புதிதன்று. சென்னை மாநிலத்தில் 1953ஆம் ஆண்டிலேயே இவ்வினா எழுந்தது.

முதலமைச்சர் இராசகோபாலாச்சாரியார் அவ்வாண்டு சூன் திங்களில் நாட்டுப்புறத் தொடக்கப் பள்ளிகளில் புதிய திட்டமொன்றைப் புகுத்தினார். நாளொன்றுக்கு 5 மணி நேரப் படிப்பு 3 மணி நேரமாகக் குறைந்தது. எஞ்சிய வேளையில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பயிலவேண்டும் என்பது ஏற்பாடு. இருக்கும் ஆசிரியர்களைக் கொண்டே கூடுதல் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம், உழைப்பின் உயர்வும் விளங்கும் என்றனர் திட்டத்தை ஆதரித்தோர்.

சேரிப் பெற்றோர்க்கோ தொழில் என்பது தாமே தேர்ந்ததன்று. சாதி தம்மேல் சுமத்தியது. அதனின்று மீட்கவே பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினர். பள்ளியோ அப்பிள்ளையை அரை நாளில் அதே பண்ணைக்குத் திருப்பியனுப்ப முற்பட்டது.

பெரியார் இதனைக் குலக்கல்வி எனச் சாடினார். ஆளுங்கட்சியிலும் எதிர்ப்பு மூண்டது. 1953 சூலையில் திட்டத்தைக் கைவிடக் கோரிய தீர்மானத்திற்குச் சட்டமன்றத்தில் இருபுறமும் 138 வாக்குகள் விழுந்தன. 1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார். மே திங்களில் திட்டம் கைவிடப்பட்டது.

இளைஞர்களே! சார்பு எப்போதும் கட்சிக்கொடி ஏந்தி வருவதில்லை. நல்லெண்ணத்தின் கோலத்திலும் வரும். பிள்ளையின் குறிப்பேட்டைத் திறந்து பார்ப்பது பெற்றோரின் உரிமை. எழுத்தறியாப் பெற்றோர்க்கு அதனைப் படித்துக் காட்டுவது கற்ற உங்கள் கடமையாகும்.