ரொஜேயின் பட்டியலும் எங்கட கொப்பியும்

ரியூசன் கொப்பியில நடுவில கோடு கீறி, இந்தப் பக்கம் ஒத்தகருத்துச் சொல், அந்தப் பக்கம் எதிர்க்கருத்துச் சொல் எண்டு பாடமாக்கினவர்கள்தான் நாங்கள். எங்களுக்கு முதலே இப்படி நிரல் பிரித்தவர் பீட்டர் மார்க் ரொஜே, ஒரு ஆங்கிலேய வைத்தியர். 1805இல் சொந்தப் பாவனைக்காக ஒரு சொற்பட்டியல் தயாரித்தார். அது 'தெசோரஸ்' என்ற புத்தகமாக வந்தது 1852இல். அப்போது அவருக்கு 73 வயது!

சொற்களை அவர் அகரவரிசையில் அடுக்கவில்லை. கருத்தின்படி 1000 தலைப்புகளில் பிரித்தார். எதிரெதிர்க் கருத்துகளைப் பக்கத்துப் பக்கத்து நிரல்களில் வைத்தார். ஆனால் எந்தச் சொல்லுக்கும் பொருள் எழுதவில்லை. மனதில் கருத்து இருக்கிறது, பொருத்தமான சொல்தான் வருகுதில்லை என்பவருக்கான புத்தகம் அது. அந்த ஆளுக்குப் பொருள் எதற்கு?

நாங்கள் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டோம். எங்களிடம் சொல் மட்டும்தான் இருந்தது. 'ஸ்லிம்', 'ஸ்கினி' இரண்டும் கொப்பியில் ஒரே வரி. மெலிந்துவிட்டாய் என்று பாராட்ட நினைத்து சிநேகிதியிடம் 'ஸ்கினி' என்று சொன்னால், எலும்பும் தோலுமாய் இருக்கிறாய் என்றுதான் அவளுக்குக் கேட்கும்.