லில்லி வாங்குமுன் பெயரைக் கேளுங்கள்: ரவாங் வெயிலில் எது நிலைக்கும்?

ரவாங்: சீனப் பெருநாள் காலத்தில் பூக்கடைகளில் தொட்டியோடு விற்கும் பெரிய லில்லி, ஓரிரு வாரம் வீட்டு வாசலை மணக்க வைக்கும். அதன்பின் தண்டு காய்ந்துவிடும். உரம் போட்டு, தண்ணீர் ஊற்றி, அடுத்த ஆண்டுவரை காத்திருந்தாலும் பூ வராது. தோண்டிப் பார்த்தால் கிழங்கே அழுகியிருக்கும். தமக்குக் கைராசி இல்லை என்று பலர் நொந்துகொள்கிறார்கள். குறை கையில் இல்லை, வானிலையில் இருக்கிறது.

'லிலியம்' என்ற அசல் லில்லி குளிர்நாட்டுச் செடி. அதன் கிழங்கு மீண்டும் பூக்க வேண்டுமானால் பல வாரங்கள் நல்ல குளிரில் உறங்கி எழ வேண்டும். ரவாங்கில் இரவிலும் வெப்பம் 23, 24 பாகைக்குக் கீழே அவ்வளவாக இறங்குவதில்லை. தமிழ்நாட்டிலும் ஓர் அசல் லில்லி இயற்கையாக வளர்கிறது. வெண்ணிறத்தில் நீண்ட குழல் போலப் பூக்கும் நீலகிரி லில்லி அது. ஆனால் நீலகிரி, பழனி போன்ற உயர்ந்த மலைகளில்தான் அதைக் காண முடியும். சமவெளிக்கு அது இறங்கவே இல்லை.

ஆகவே தொட்டி லில்லியைப் பூங்கொத்து போல நினைத்து வாங்குவதே நல்லது. பூத்தவரை லாபம்.

ஆண்டுதோறும் பூக்க வேண்டும் என்பவர்களுக்கு வேறு செடிகள் இருக்கின்றன. அவற்றுக்கும் கடைக்காரர் சொல்லும் பெயர் லில்லிதான். குழப்பமே அங்கேதான் தொடங்குகிறது. ரவாங் வட்டாரத்தினர் செடி வாங்கப் போகும் சுங்கை பூலோவில் நர்சரிகள் வரிசையாக இருக்கின்றன. 1930-இல் அங்கே தொழுநோயாளர்களுக்காகத் திறக்கப்பட்ட குடியிருப்பில் வாழ்ந்தவர்கள் பிழைப்புக்காகத் தொடங்கிய செடி வளர்ப்பே அந்த நர்சரிகளுக்கு அடித்தளம். அங்கே போகும்போது "லில்லி இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டால் ஐந்தாறு வகை எதிரே வந்து நிற்கும். எந்த லில்லி என்று கேட்க வேண்டும்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு மழை லில்லி போதும். வெங்காயத்தாள் போன்ற மெல்லிய இலை. இளஞ்சிவப்பு, வெள்ளை, மஞ்சள் நிறங்களில் பூ. சில நாள் வெயில் காய்ந்து ஒரு பெருமழை கொட்டினால், அடுத்த சில நாள்களில் மொத்தமாகப் பூத்து நிற்கும். கிழங்கை ஓர் அங்குல ஆழத்தில் நட்டால் போதும். புதர் நெருங்கியதும் பிரித்து நடலாம், பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம்.

மலாய்க்காரர்கள் 'பாக்கோங்' என்று அழைக்கும் சிலந்தி லில்லியைச் சாலையோரங்களில் பார்க்காதவர் குறைவு. வெள்ளைப் பூ, நீண்ட மெல்லிய இதழ்கள், மாலையில் கூடும் மணம். களிமண்ணையும் இது தாங்கும். இதற்கு எதிரி ஒரு புழு. கூட்டமாக இலையைக் குடைந்து கிழங்குவரை இறங்கிவிடும். இலையில் வெளிறிய கோடு தெரிந்த அன்றே அதை வெட்டி அகற்ற வேண்டும். பழைய ஈயச் சுரங்க மணலில் எழுந்த தாமான்களில் மண்ணுக்குச் சத்து குறைவு. மக்கிய எருவும் தேங்காய் நார்த்தூளும் கலந்தால் செடி தேறும். தொட்டிக்கு அடியில் தட்டு வைப்பவர்கள் தேங்கும் நீரைக் கொட்டிவிட வேண்டும். ஏடிஸ் கொசுவுக்கு அந்தத் தட்டே போதும்.

தமிழர் வீட்டு வேலிக்கு இவற்றைவிட நெருக்கமான ஒன்று உண்டு. அது செங்காந்தள். ஆங்கிலத்தில் 'சுடர் லில்லி' என்று பொருள்படும் பெயர் அதற்கு. அசல் லில்லி அல்ல என்றாலும் வெப்ப மண்ணின் செடி என்பதால் இங்கே வளரும். தமிழ்நாட்டின் மாநில மலர் இதுவே. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு அடுக்கும் மலர்களில் முதலில் நிற்பதும் காந்தள்தான். திருமுருகாற்றுப்படையில் முருகன் அணிந்திருப்பது காந்தள் மாலை. பெண்களின் விரலுக்குப் புலவர்கள் காந்தளை உவமை சொன்னது ஏன் என்பது, மேல்நோக்கி வளைந்த அந்த ஆறு இதழ்களை நேரில் பார்த்தால் புரியும். மொட்டில் பச்சை, பிறகு மஞ்சள், பிறகு நெருப்புச் சிவப்பு என ஒரே பூ நாளுக்கு நாள் நிறம் மாறும்.

இலையின் நுனியே சுருண்டு பற்றிக்கொள்வதால் கம்பிவேலி ஒன்று இருந்தால் ஏறிவிடும். கிழங்கு கலப்பை போல இரண்டாகப் பிரிந்திருக்கும். கலப்பைக்கிழங்கு என்ற பெயர் அதனால் வந்தது. ஒவ்வொரு கிளையின் நுனியிலும் இருக்கும் முளை உடைந்தால் அது துளிர்க்காது. படுக்கை வாட்டில் இரண்டு அங்குல ஆழத்தில் நட வேண்டும். பூத்து முடிந்து கொடி மஞ்சளானால் செடி செத்துவிட்டது என்று பொருளல்ல, உறங்கப் போகிறது. இங்குள்ள மழையில் அப்படியே விட்டால் அழுகிவிடும் என்பதால், தோண்டி எடுத்து உலர்ந்த மணலில் வைப்பது நல்லது.

அந்த மணல் பெட்டி சமையலறைப் பக்கமே வரக்கூடாது. காந்தள் கிழங்கு பார்வைக்கு வள்ளிக்கிழங்கு போலவே இருக்கும். அதிலும் விதையிலும் உள்ள கோல்சிசின் கடும் நஞ்சு. மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பகுதிகளில் இதைப் பயிரிடுவதே அந்தப் பொருளை மருந்துத் தொழிலுக்கு எடுப்பதற்காகத்தான். மருந்தாலையில் அளந்து சேர்ப்பது வேறு, வீட்டில் வேகவைப்பது வேறு. இலங்கையில் கிழங்கு என்று நினைத்துத் தின்று இறந்தவர்கள் உண்டு. வாந்தி, வயிற்றுப்போக்கு தொடங்கச் சில மணி நேரம் ஆகலாம். அதுவரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தின்ற கிழங்கின் மிச்சத்தையும் எடுத்துப் போனால் மருத்துவர் அடையாளம் காண உதவும். குழந்தைகள் தவழும் வீட்டில் இந்தக் கொடியைத் தள்ளிப்போடுவதே மேல்.

பூனை வளர்க்கும் வீட்டில் கவலை வேறு. அங்கே ஆபத்து அசல் லில்லியும் 'டே லில்லி'யும். இலை, இதழ் மட்டுமல்ல. உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலும், பூச்சாடித் தண்ணீரைக் குடித்தாலும் பூனையின் சிறுநீரகம் செயலிழந்துவிடும். 'பீஸ் லில்லி'யைக் கடித்தால் வாய் எரிந்து எச்சில் வடிவதோடு பெரும்பாலும் நின்றுவிடும். பூனை கடித்தது எந்தச் செடி என்று தெரியாவிட்டால், ஓர் இலையைக் கிள்ளி எடுத்துக்கொண்டு அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். மறுநாள் பார்க்கலாம் என்றால் பல வேளைகளில் மருந்து பலிப்பதில்லை.